சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது!

ஓடிக்கிட்டிருக்கற இன்ஜினை எப்படி நிறுத்துவீங்க?

'இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ், சாவியைத் திருப்ப வேண்டியதுதான்'னு முறைக்காதீங்க. உங்க பைக்குக்கு அந்தப் பதில் போதும். டீசல் வண்டிக்கும் முக்கால்வாசி நாள் போதும். ஆனா, என்னைக்காவது ஒருநாள் சாவியைத் திருப்பி, உருவி, சட்டைப் பையில போட்டுக்கிட்ட பிறகும் ஒரு டீசல் இன்ஜின் ஓடும். சும்மா ஓடாது. ஆக்ஸிலேட்டர் மேல யார் காலும் இல்லாமலே, நொடிக்கு நொடி வேகம் ஏறி அலறும். சைலன்ஸர்லேர்ந்து வர்ற புகையில பின்னாடி நிக்கற பஸ்ஸே மறைஞ்சு போகும். ஒரு நிமிஷமோ, அஞ்சு நிமிஷமோ... அப்புறம் 'டமார்!' அதோட அந்த இன்ஜின் கதை முடிஞ்சது.

இதுக்குப் பேர் 'ரன்அவே'. லாரி ஷெட்டுல கேட்டீங்கன்னா, 'தானா ரேஸ் ஆயிடுச்சுங்க'ம்பாங்க. யூடியூப்ல தேடினா இந்த வீடியோ ஏகப்பட்டது கிடைக்கும். சுத்தி நிக்கறவங்க செல்போன்ல படம் பிடிச்சுக்கிட்டே சிரிக்கிற சத்தமும் சேர்ந்து கேட்கும். மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிற எனக்கு அதைப் பார்த்தா சிரிப்பு வர மாட்டேங்குது. அந்த இன்ஜினுக்குப் பக்கத்துல அப்படி நிக்கறாங்களேன்னு பயமாத்தான் இருக்கு.

சரி, சாவியை எடுத்த பிறகு எப்படிங்க ஓடும்? பேய் பிடிச்சதா?

பெட்ரோல் இன்ஜினை முதல்ல பாருங்க. அதுக்குத் தீ வைக்க ஒரு ஸ்பார்க் பிளக் வேணும். சாவியைத் திருப்பினா பொறி கட். பொறி இல்லேன்னா தீ இல்லை, ஆட்டம் க்ளோஸ். டீசல் இன்ஜின்ல பொறியே கிடையாது. உள்ளே இழுத்த காத்தைப் பதினஞ்சுல ஒரு பங்கு, இருபதுல ஒரு பங்குன்னு போட்டு அழுத்தும். சைக்கிள் பம்ப் அடிச்சா அடிப்பக்கம் சுடுமே, அதே சமாச்சாரம்தான். ஆனா, இங்கே காத்தோட சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிடும். டீசல் 200 டிகிரி சொச்சத்துலயே தானா பத்திக்கும் சரக்கு. அதனால பீய்ச்சின உடனே 'குப்'.

அடுத்தது காத்து. பெட்ரோல் வண்டியில ஆக்ஸிலேட்டரைத் திருகினா காத்து போற வாசல் திறக்கும். டீசல்ல, அதுவும் பெரும்பாலான பழைய டீசல்கள்ல, அந்த வாசலுக்குக் கதவே இல்லை. காத்து எப்பவும் முழுசா உள்ளே போய்க்கிட்டே இருக்கும். வேகத்தைத் தீர்மானிக்கிறது பம்ப் எவ்வளவு டீசல் அனுப்புதுங்கறது மட்டும்தான். நீங்க சாவியைத் திருப்பினா டீசல் நிக்கும். அவ்வளவுதான் உங்க சாவிக்கு உள்ள அதிகாரம்! டேங்க்லேர்ந்து வராம, வேற ஏதாவது வழியில எரியக்கூடிய ஒண்ணு உள்ளே நுழைஞ்சுட்டா, அந்த இன்ஜின் உங்களைக் கேட்காது.

இந்த 'எதைக் கொடுத்தாலும் எரிப்பேன்'ங்கற குணத்துக்காகத்தான் ஒரு காலத்துல டீசல் இன்ஜினைத் தலையில வெச்சுக் கொண்டாடினாங்க. ருடால்ஃப் டீசல் 1893-ல பேட்டன்ட் வாங்கி, 1897-ல ஜெர்மனியோட ஆக்ஸ்பர்க்ல ஓட்டிக் காட்டின இன்ஜின் இது. மூணே வருஷம் கழிச்சு, 1900-ல நடந்த பாரிஸ் உலகக் கண்காட்சியில ஒரு சின்ன டீசல் இன்ஜினை எதுல ஓட்டினாங்க தெரியுமா? கடலை எண்ணெய்ல! அது பாட்டுக்கு அவ்வளவு சுகமா ஓடினதால, எண்ணெய் மாறின விஷயமே சிலருக்குத்தான் தெரிஞ்சதுன்னு டீசலே பிற்பாடு எழுதியிருக்கார். கடலை எண்ணெயையே ரசிச்சுச் சாப்பிடுற இன்ஜினுக்கு, தன் வயித்துக்குள்ளேயே இருக்கற இன்ஜின் ஆயில் மட்டும் கசக்குமா என்ன?

ரன்அவேல பெரும்பாலும் நடக்கறது அதுதான். தன்னோட மசகு எண்ணெயைத் தானே குடிக்க ஆரம்பிச்சுடும். குடிச்சா வேகம் ஏறும். வேகம் ஏறினா டர்போ இன்னும் வேகமாச் சுத்தும், காத்தோட சேர்த்து இன்னும் ஆயிலை உள்ளே தள்ளும். மறுபடி வேகம். பிஸ்டனையும் கன்ராடையும் மேலும் கீழுமா இழுக்கற விசை, வேகம் ரெண்டு மடங்கானா நாலு மடங்காகும். மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. 2,500 சுத்துக்குக் கணக்குப் போட்டுச் செஞ்ச போல்ட்டு 5,000 சுத்துல என்ன ஆகும்? ஆயில் தீர்ந்து பேரிங் எல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இல்லேன்னா கன்ராடு உடைஞ்சு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும். அந்த நேரம் பக்கத்துல போன் வெச்சுக்கிட்டு நின்னா... வேண்டாம், விடுங்க.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக நாமக்கல்ல ஒரு லாரி ஷெட்டுல பதினஞ்சு நாள் இருந்தேன். வகுப்புத் தோழர்கள்ல பாதிப் பேர் ஏ.சி. போட்ட கம்பெனியில சர்டிஃபிகேட்டை மட்டும் வாங்கிட்டு வந்துட்டாங்க. எனக்குக் கிடைச்சது நகத்துல போகாத கறுப்பும், அந்த ஷெட்டு மெக்கானிக் அண்ணனும். முப்பது வருஷமா டீசல் இன்ஜினோட குடித்தனம் நடத்துறவர். "ரேஸ் ஆன வண்டி பார்த்திருக்கீங்களாண்ணா?"ன்னு கேட்டதுக்கு, பேசாம மூலைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு இன்ஜின் பிளாக்கைக் காட்டினார். பக்கவாட்டுல கை நுழையற அளவுக்கு ஓட்டை.

"இது தொப்பூர் மேட்டுல ஆனதுங் தம்பி. பெங்களூரு போற லோடு. டர்போ போயிருச்சுன்னு வழியில வேற எங்கியோ புதுசு மாட்டிருக்காங்க. மாட்டின மறுநாளே இப்படி."

புது டர்போ போட்ட மறுநாளேவா? எனக்குப் புரியலை. அண்ணன் ஒரு பழைய இன்டர்கூலரைத் தூக்கி, வாயை எனக்கு நேரா சாய்ச்சார். அடியிலேர்ந்து கறுப்பா ஆயில் சொட்டுச்சு.

விஷயம் இதுதான். டர்போவோட தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்தையும் தாண்டிச் சுத்தக்கூடியது. அது மிதக்கறதே மெல்லிசான ஆயில் படலத்துல. பேரிங் தேய்ஞ்சு சீல் போச்சுன்னா, அந்த ஆயில் காத்துப் பாதைக்குள்ள கசியும். கசிஞ்சது நேரா இன்ஜினுக்குப் போகாது. நடுவுல காத்தைக் குளிர்விக்கிறதுக்கு ரேடியேட்டர் மாதிரி ஒரு பெட்டி இருக்கே, இன்டர்கூலர், அதோட அடியில போய்த் தேங்கும். பழைய டர்போ கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கின ஆயில் மொத்தமும் அங்கே குளம் கட்டி நிக்கும். டர்போவை மாத்தினவங்க இதைக் கழட்டிக் கழுவலை. சமதளத்துல வண்டி சமர்த்தா ஓடியிருக்கு. தொப்பூர் ஏத்தத்துல ஃபுல் லோடுல டிரைவர் மிதிச்சதும், புது டர்போ முழு வேகத்துல காத்தை அடிச்சு, அந்தக் குளத்தை அப்படியே அள்ளி இன்ஜின் வாய்ல ஊத்திடுச்சு.

டிரைவர் சாவியை ஆஃப் பண்ணியிருக்கார். நிக்கலை. பயத்துல கிளட்ச்சை மிதிச்சிருக்கார். யாருக்கும் கால் தானா அங்கேதான் போகும். ஆனா, அதுவரைக்கும் இன்ஜினைப் பிடிச்சு வெச்சிருந்தது பின்னாடி இருந்த லோடுதான். கிளட்ச் விட்டதும் கயிறு அறுந்த காளை மாதிரி ஆயிடுச்சு. பிரேக்கை அழுத்தி ஓரமா நிறுத்திட்டு, அவரும் கிளீனரும் இறங்கி ஓடியிருக்காங்க. அரை நிமிஷத்துல கன்ராடு வெளியே. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. வண்டிக்காரருக்கு மட்டும் டியூ கட்டி முடிய இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருந்துச்சாம்.

"கழுவுறதுக்கு எவ்வளவு நேரம்ணா ஆகும்?"

"கழட்டி, டீசல் ஊத்தி அலசிக் காய வெச்சு மாட்ட அரை நாளுங். அந்த அரை நாள் கூலியைத்தான் மிச்சம் புடிச்சிருக்காங்க."

நம்ம புத்தகத்துல 'ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ்'னு ஒரு தலைப்பு வருமே, தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி 'சாய்ஸ்ல விட்டுடலாம் மச்சி'னு தாண்டிப் போவோமே, அது இந்த அரை நாள்தான்.

இதெல்லாம் ஒரு லாரி, ஒரு இன்ஜினோட போற நஷ்டம். இதே குணம் பதினஞ்சு உயிரோட விளையாடின ஒரு நாளும் இருக்கு.

2005 மார்ச் 23. அமெரிக்காவோட டெக்ஸாஸ் மாநிலத்துல டெக்ஸாஸ் சிட்டின்னு ஒரு ஊர். அங்கே பி.பி. நிறுவனத்தோட பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. பராமரிப்புக்காக நிறுத்தி வெச்சிருந்த ஒரு யூனிட்டை மறுபடி ஓட வைக்கிறாங்க. 170 அடி உயர டவர் ஒண்ணுக்குள்ள பெட்ரோல் மாதிரி திரவத்தை ஏத்தறாங்க. ஏத்திக்கிட்டே இருக்காங்க, வெளியே போற வழியைத் திறக்காமலே மூணு மணி நேரத்துக்கு மேல. உள்ளே நிஜமான மட்டம் 150 அடியைத் தாண்டியிருந்தப்போ, கன்ட்ரோல் ரூம் மீட்டர் 8 அடி கூட இல்லேன்னு காட்டிக்கிட்டு இருந்தது. மட்டம் ஏறினா அடிக்க வேண்டிய அலாரம் அடிக்கலை. கண்ணால பார்க்கறதுக்குன்னு வெச்ச கண்ணாடிக் குழாய் அழுக்கேறி மங்கிக் கிடந்தது. கருவிகள்ல கோளாறு இருக்குங்கறது முன்னாடியே தெரிஞ்ச விஷயம். சரி செய்யாமலே ஸ்டார்ட் பண்ணிட்டாங்க.

மதியம் 1.20 வாக்குல திரவம் பொங்கி, பாதுகாப்புக் குழாய் வழியா மேலே போய், திறந்தவெளியில நீரூற்று மாதிரி கொட்டிச்சு. கீழே விழுந்து ஆவியாகிப் பரவிச்சு. அங்கேர்ந்து சுமார் 25 அடி தூரத்துல ஒரு டீசல் பிக்கப் வண்டி, இன்ஜினை அணைக்காம நின்னுக்கிட்டு இருந்தது. அந்த ஆவியைக் காத்தோட சேர்த்து அது உறிஞ்ச, இன்ஜின் தானா ரேஸ் ஆச்சு. அணைக்கப் பார்த்தாங்க, முடியலை. இறங்கி ஓடினாங்க. ஆவி மேகத்துக்குத் தீ வெச்சது பெரும்பாலும் அந்த வண்டியாத்தான் இருக்கணும்னு அமெரிக்க அரசோட ரசாயன விபத்து விசாரணைக் குழு சொல்லியிருக்கு. இறந்தவங்க 15 பேர். காயம் 180 பேருக்கு. இறந்த பதினஞ்சு பேரும் அந்த யூனிட் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத கான்ட்ராக்ட் ஆளுங்க. பக்கத்துல போட்டிருந்த தற்காலிக டிரெய்லர் ஆபீஸ்களுக்கு உள்ளேயும் சுத்தியும் இருந்தவங்க.

கவனிச்சீங்களா? அந்தப் பிக்கப்ல கோளாறு ஒண்ணும் இருந்திருக்க வேண்டியதில்லை. நல்ல இன்ஜினே போதும். காத்துல எரியற ஆவி கலந்திருந்தா, அது தன் வேலையைத்தான் செய்யும். கோளாறு மீட்டர்ல இருந்தது, அலாரத்துல இருந்தது, துடைக்காத ஒரு கண்ணாடியில இருந்தது. அஞ்சு வருஷம் கழிச்சு, 2010 ஏப்ரல் 20-ல மெக்ஸிகோ வளைகுடாவுல 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்த் துரப்பண மேடை வெடிச்சு 11 பேர் செத்தப்பவும் இதே காட்சி. கிணத்துலேர்ந்து பொங்கின வாயுவைக் குடிச்சு டீசல் ஜெனரேட்டர்கள் எகிறின நேரத்துல, விளக்கெல்லாம் திடீர்னு பளீர்னு எரிஞ்சதைத் தப்பிச்சவங்க சாட்சி சொல்லியிருக்காங்க.

நம்ம கையில எண்ணெய் ஆலை இல்லை. ஆனா அப்பா ஓட்டற டிராக்டர், மாமாவோட லோடு வேன், தோட்டத்து ஆயில் இன்ஜின், சித்தப்பாவோட டீசல் கார்னு ஏதோ ஒண்ணு எல்லார் வீட்டுப் பக்கத்துலயும் இருக்கு. அதுங்க எதுவும் சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போறதில்லை. முன்னாடியே சாடை காட்டும். ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை வருதா? ஷெட்டுல 'பேக் கம்ப்ரஷன்'ம்பாங்க. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சு, எரிஞ்ச வாயு கீழே இறங்குதுன்னு அர்த்தம். அந்த வாயு வெளியேற பிரீதர் குழாய்னு ஒண்ணு உண்டு. பல இன்ஜின்கள்ல அது மறுபடி காத்துப் பாதைக்குள்ளேயேதான் போய்ச் சேரும், ஆயில் துளிகளையும் சுமந்துக்கிட்டு. அதே மாதிரி, வாரம் ஒரு தடவை அரை லிட்டர் ஆயில் ஊத்த வேண்டியிருக்கு, தரையில ஒரு சொட்டுகூட ஒழுகலைன்னா சந்தோஷப்படாதீங்க. அது எங்கேயோ எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. சைலன்ஸர்ல நீலப் புகை வந்தா, அந்த 'எங்கேயோ' எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு.

எல்லாரும் அலட்சியமா விடறது ஏர் ஃபில்டர். தூசி அடைச்சா மைலேஜ் குறையும்னு மட்டும்தான் நினைக்கிறோம். அடைச்ச ஃபில்டருக்குப் பின்னாடி டர்போ இழுக்கும்போது அங்கே வெற்றிடம் உண்டாகி, சீல் வழியா ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். சில நூறு ரூபாய் காகித ஃபில்டரை மாத்தாம, டர்போவுக்கு வேட்டு வைக்கிறோம். டர்போவிலேர்ந்து ஆயில் திரும்பற குழாய் அடைச்சாலும் இதே கதைதான். நீண்ட தூரம் ஓடி வந்த லாரியை டிரைவருங்க உடனே அணைக்காம ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடறதைப் பார்த்திருப்பீங்க. சிலர் 'டீசல் வேஸ்ட்'னு கிண்டல் பண்ணுவாங்க. சூடா இருக்கற டர்போவுல ஆயில் ஓட்டம் திடீர்னு நின்னா, அங்கேயே வெந்து கரியாகும். அந்தக் கரிதான் குழாயையும் அடைக்கும், பேரிங்கையும் தின்னும். டிரைவர் செய்யறதுதான் சரி.

பழைய டிராக்டர், ஆயில் இன்ஜின்ல ஏர் ஃபில்டரே எண்ணெய்க் கிண்ணம்தான். கோடு வரைக்கும்தான் ஊத்தணும். 'கூட ஊத்தினா நல்லா வடிகட்டும்'னு தாராளம் காட்டினா, மிச்சத்தை இன்ஜின் இழுத்துக் குடிச்சிடும். இன்ஜின் ஆயிலும் அப்படித்தான், டிப்ஸ்டிக் மேல் கோட்டைத் தாண்டவே கூடாது. பழைய பம்ப் வெச்ச இன்ஜின்ல இன்னொரு தொல்லை, மாசக்கணக்குல ஓட்டாம போட்டா ரேக் பிசுபிசுத்து ஒட்டிக்கும். ஸ்டார்ட் பண்ணினதும் முழு டீசலும் பாயும். எடுக்கறதுக்கு முன்னாடி லீவர் தாராளமா அசையுதான்னு கையால ஆட்டிப் பார்த்துட்டா முடிஞ்சது வேலை.

'எங்க வண்டி புது மாடல், பி.எஸ்.6, கம்ப்யூட்டரே பார்த்துக்கும்'னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 1-லேர்ந்து வந்த டீசல் கார்கள்ல புகைக்கரியைப் பிடிக்க டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கு. அதைச் சுத்தம் பண்ண, பல இன்ஜின்கள் கொஞ்சம் டீசலைக் கூடுதலா பீய்ச்சிக் கரியை எரிக்கும். டவுனுக்குள்ளேயே ரெண்டு கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர்னு ஓட்டி நடுவுல நடுவுல அணைச்சா, அந்த டீசல்ல ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயிலோட கலந்துடும். டிப்ஸ்டிக்கைப் பார்த்தா ஆயில் குறையறதுக்குப் பதிலா ஏறியிருக்கும்! 'பரவாயில்லையே, என் வண்டி ஆயிலே குடிக்கலை'னு பெருமைப்பட்டுக்கிட்டு இருப்போம். ஏறின ஆயிலை உடனே வடிச்சு மாத்தணும். அப்பப்போ ஹைவேல கொஞ்ச தூரம் விட்டு ஓட்டணும். சித்தப்பாகிட்ட சொல்லுங்க, சந்தோஷமா ஊட்டிக்கு ஒரு டிரிப் போட்டுடுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் ரேஸ் ஆயிடுச்சுன்னா? கியர் வண்டியா இருந்து, நீங்க உள்ளே உட்கார்ந்திருந்தா, அதுவும் ஆரம்பத்துலயே சுதாரிச்சுட்டா, உயர்ந்த கியர்ல போட்டு, பிரேக்கை முழு பலத்தோட மிதிச்சு, கிளட்ச்சை விடுங்க. இன்ஜின் திணறி நின்னுடும். ஆட்டோமேட்டிக்ல இது நடக்காது. கையால இயக்கற பழைய ஆயில் இன்ஜின்ல டிகம்ப்ரஷன் லீவர் இருக்கும். அதைத் தூக்கினா அழுத்தம் போயிடும், தீயும் போயிடும். வேற எதுலயும் ஒரே வழி, காத்தை அடைக்கிறது. காத்துப் போற வாய்ல தடிப் பலகை, இல்லேன்னா கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான். கையை மட்டும் வெச்சுடாதீங்க, இழுக்கற இழுப்புல விரல் மிஞ்சாது. துணியை வெச்சா அதையும் சேர்த்து விழுங்கும். வேகம் எல்லை மீறிடுச்சுன்னு தோணினா எதையும் செய்யாதீங்க. இன்ஜினுக்குப் பக்கவாட்டுல நிக்காம, தூரமா ஓடுங்க. இன்ஜின் வாங்கிக்கலாம்.

எண்ணெய் வயல்கள்ல வேலை செய்யற டீசல் இன்ஜின்களுக்குக் காத்தையே அடைக்கிற வால்வு ஒண்ணைத் தனியா மாட்டறாங்க. நாமக்கல் அண்ணன் அதையெல்லாம் பார்த்ததில்லை. அவர் ஷெட்டுல டர்போ மாத்தின எந்த வண்டியையும் முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்போ, காத்துக் குழாயைக் கழட்டி விட்டுட்டு, ஒரு பையனைப் பிளைவுட் பலகையோட பக்கத்துல நிக்க வைப்பார். நான் இருந்த பதினஞ்சு நாள்ல மூணு வண்டிக்கு அந்தப் பையன் நான்தான். பலகைக்கு வேலை ஒரு தடவைகூட வரலை. மூணு இன்டர்கூலரையும் முந்தின நாளே அவர் கழுவ வெச்சிருந்தார்.

உங்க ஹாஸ்டல் பின்னாடி ஒரு ஜெனரேட்டர் இருக்குமே, கரன்ட் போனா 'ஓ...'ன்னு கத்திட்டு அடுத்த நிமிஷம் மறந்துபோற அதே ஜெனரேட்டர். அடுத்த தடவை அது ஓடறப்போ புகை என்ன கலர்னு பாருங்க. ஆபரேட்டர் அண்ணன்கிட்ட, 'ஏர் ஃபில்டர் கடைசியா எப்பண்ணா மாத்தினீங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டுக் கேட்டா, டிப்ஸ்டிக்கையும் உருவிக் காட்டுவார்.